எட்டு பத்து பஸ் ஏன் வரவில்லை?



பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் பாருங்க. இன்றைக்கு எத்தனை அடி நடந்தீர்கள், எத்தனை நிமிஷம் வீடியோ பார்த்தீர்கள், எல்லாவற்றுக்கும் அது கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் நேற்று பஸ் ஸ்டாப்பில் எத்தனை நிமிஷம் நின்றீர்கள் என்று கேட்டால் "ரொம்ப நேரம்" என்றுதான் சொல்வீர்கள். "ரொம்ப நேரம்" என்பதை வைத்து ஒரு டைம் டேபிளை மாற்ற முடியாது. இதை நான் கற்றுக்கொண்ட கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

நான் டவுன் பஸ்ஸில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்த டிப்போ என்று கேட்காதீங்க. டெர்மினஸில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, சுவரில் கடிகாரம். பஸ் வந்ததும் கண்டக்டர் இறங்கி வந்து ட்ரிப் ஷீட்டை நீட்டுவார். வந்த நேரம், கிளம்பும் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடணும். இவ்வளவுதான் வேலை என்று வெளியே இருந்து பார்த்தால் தோன்றும். உள்ளே ஒரு வேலை இருந்தது. பஸ் ரொம்ப லேட்டாகிவிட்டால் என்ன செய்வது என்று முடிவு பண்ணும் வேலை.

எங்கள் பாஷையில் ஒரு பக்கம் போவதற்கு ஒரு சிங்கிள். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் எட்டு மணி நேர டியூட்டி. காலையில் டிராஃபிக்கில் சிக்கி முப்பது நிமிஷம் போய்விட்டது என்றால், அந்த நாளுக்குள் எல்லா சிங்கிளையும் ஓட்டி முடிக்க முடியாது. அப்போது என்ன பண்ணுவோம்? பஸ்ஸைக் கடைசி ஸ்டாப் வரைக்கும் அனுப்பாமல் நடுவழியில் ஒரு ஜங்ஷனில் திருப்பிவிடுவோம். டைம் டேபிள் மறுபடி நேராகிவிடும். ஷீட்டில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசி ஐந்தாறு ஸ்டாப்பில் நிற்கிற ஜனங்களுக்கு மட்டும் அந்த பஸ் வராது. நான் என் பேனாவால் அப்படி எத்தனை சிங்கிளை வெட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

ஒருநாள் மத்தியானம் ஒரு அம்மா ஜன்னலருகே வந்து நின்றார்கள்.

"சார், நீங்கதானே டைம் போடுறவரு?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் நேரம் எழுதியிருந்தது. எட்டு பத்து பஸ் வந்த நாளில் வந்த நேரம். வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. பன்னிரண்டு நாளில் ஏழு பெருக்கல் குறி.

அந்த அம்மா மூன்று வீட்டில் வேலை செய்கிறவர். முதல் வீட்டில் ஒன்பது மணிக்கு இருக்கணும். அடுத்த பஸ் எட்டு நாற்பதுக்கு. அதுவும் ரெண்டு பஸ் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வரும், ஏற இடம் இருக்காது. "லேட்டா வர்றதா இருந்தா வர வேணாம்னுட்டாங்க சார். ஒரு வீடு போயிடுச்சு. மாசம் ரெண்டாயிரம் ரூபாய். உங்க பஸ்ஸு நிஜமாவே ஓடுதா, இல்ல போர்டுல மட்டும் ஓடுதா?"

அந்த ஏழு தேதியும் என் ஷீட்டில் நான் வெட்டிய தேதிகள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்று சாயங்காலம் அந்தத் தாள்களையும் என் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு கிளை மேலாளரிடம் போனேன். அவர் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தச் சிங்கிளுக்கு நாங்கள் கொடுத்திருந்த ஓட்ட நேரம் ஐம்பது நிமிஷம். பள்ளிக்கூட நேரத்தில் உண்மையில் ஆவது எழுபது. ஐம்பது நிமிஷம் என்பது எப்போதோ, ரோடு காலியாக இருந்த காலத்தில் போட்டது. யாரும் திருத்தவில்லை. மதியம் ஆளே இல்லாமல் ஓடிய ஒரு சிங்கிளை எடுத்து அந்த நேரத்தைக் காலைக்குக் கொடுத்தோம். எட்டு பத்து பஸ் வர ஆரம்பித்தது. (மதியம் அந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அது இன்னும் மனசில் இருக்கிறது. அவர்கள் காலண்டர் தாள் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.)

இப்போது கொஞ்சம் கணக்குக்குள் போவோம். பயப்படாதீங்க, நாலாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு ரூட்டில் போய் வர ரெண்டு மணி நேரம், அதாவது 120 நிமிஷம் ஆகிறது. அந்த ரூட்டில் 12 பஸ் ஓடுகிறது. அப்படியானால் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். இப்போது டிராஃபிக் கூடிப்போய் அதே ரூட்டில் போய் வர 160 நிமிஷம் ஆகிறது. பஸ் அதே 12தான். இப்போது பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரு பஸ். பழையபடி பத்து நிமிஷத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் 16 பஸ் வேண்டும். நாலு பஸ், அதை ஓட்ட டிரைவர், கண்டக்டர், டீசல், எல்லாம் கூடுதல். இவ்வளவு செலவு பண்ணியும் ஸ்டாப்பில் நிற்கிற உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட லாபம் கிடையாது. பழைய நிலைக்கு வருவீர்கள், அவ்வளவுதான். அந்த நாலு பஸ்ஸையும் தின்றது நெரிசல்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. பஸ்ஸுக்கு ரோட்டில் வழி விட்டால், புது பஸ் வாங்காமலேயே நாலு பஸ் கிடைக்கிறது. பஸ் போதவில்லை, இன்னும் விடுங்க என்று நாம் கேட்கிறோம். கேட்கணும்தான். மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகம் ஆயிரம் பேருக்கு 0.6 பஸ், அதாவது ஒரு லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால்தான் நல்ல நிலை என்று அளவுகோல் வைத்திருக்கிறது. நம் நகரங்கள் அந்த அளவை எட்டவில்லை. ஆனால் இருக்கிற பஸ் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் ஆறு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ இடைவெளியில் ஒழுங்காக வந்தால் நீங்கள் சராசரியாக நிற்பது ஐந்து நிமிஷம். அதே ஆறு பஸ் மூன்று மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒரு தரம் வந்தால் சராசரி பதினைந்து நிமிஷம். பஸ் எண்ணிக்கை குறையவே இல்லை, காத்திருப்பு மூன்று மடங்கு. "வரலைன்னா வராது, வந்தா மூணா வரும்" என்று திட்டுவீர்களே, அது டிரைவர்கள் பேசி வைத்துச் செய்வதில்லை. முதல் பஸ் ஒரு சிக்னலில் மாட்டிக் கொஞ்சம் லேட்டாகும். லேட்டாவதால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடியிருக்கும். ஏற்ற இறக்க நேரமாகும். இன்னும் லேட்டாகும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் ஆளே இருக்காது, விறுவிறு என்று வந்து முன்னால் போவதைப் பிடித்துவிடும். முதல் பஸ்ஸில் படிக்கட்டுவரை ஜனம், மூன்றாவது பஸ்ஸில் சீட்டு காலி. டெர்மினஸில் உட்கார்ந்து இதை நான் தினமும் பார்த்தேன்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இன்று அதை விடியல் பயணம் என்கிறோம். அந்தத் திட்டம் எத்தனை வீடுகளில் மாசக் கணக்கை மாற்றியது என்பது உங்களுக்கே தெரியும். காலண்டர் தாள் கொண்டு வந்த அம்மா என்னிடம் வந்த காலத்தில் டிக்கெட் எடுத்துத்தான் வந்துகொண்டிருந்தார். இன்று வந்தால் டிக்கெட் காசு மிச்சம். ஆனால் எட்டு பத்து பஸ் வராவிட்டால் போவது டிக்கெட் காசு இல்லை, ஒரு வீட்டு வேலை. கட்டணத்தை எடுத்த பிறகு பஸ் பயணத்துக்கு மிச்சம் இருக்கிற விலை நேரம்தான். அதைக் குறைப்பது போக்குவரத்துக் கழகத்தின் கையில் மட்டும் இல்லை. ரோடு யாருக்கு என்ற முடிவில் இருக்கிறது.

2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை இதை ஒரே வரியில் தீர்த்துவிட்டது. வண்டிகளை நகர்த்துவது நோக்கம் இல்லை, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம் என்றது. காகிதத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ரோட்டில் கோடு போட்டால்தான் சண்டை வரும்.

தில்லியில் அந்தச் சண்டை நடந்தது. 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குச் சாலை நடுவில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள். பக்கத்தில் காரில் நின்றவர்களுக்குக் கோபம். பஸ் தடம் காலியாகக் கிடக்கிறது, நாங்கள் நெரிசலில் கிடக்கிறோம் என்றார்கள். வழக்குப் போனது. தனித் தடத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்ட மனுவை 2012-ல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2016-ல் அந்தத் தடம் அகற்றப்பட்டது. நடுத்தடத்துக்குப் போக ரோட்டைக் கடக்கணும், சிக்னலில் நீண்ட காத்திருப்பு, டிசைனில் குறை இருந்தது உண்மை. ஆனால் நான் கவனித்தது வேறு. காரில் இருந்தவர்களின் கோபம் டிவியில் வந்தது. அந்த பஸ்ஸில் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் மைக் முன்னால் வரவில்லை. அவர்களிடம் காலண்டர் தாள் இல்லை.

அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கிய ஜன்மார்க் பேருந்துத் தடங்கள் இன்றும் ஓடுகின்றன. ஆக, நம் நாட்டில் முடியாது என்று சொல்லிவிட முடியாது.

எல்லா ரோட்டிலும் தனித் தடம் போட இடம் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் பஸ் மாட்டுகிற இடம் ரூட் முழுவதும் இல்லை. டிரைவரைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்வார்: இந்த சிக்னல், இந்த மார்க்கெட் வாசல், இந்த ஸ்கூல் கேட். நாலு இடம். அந்த நாலு இடத்தில் நூறு, இருநூறு மீட்டருக்கு பஸ்ஸுக்கு முன்னுரிமை கொடுத்து, காலை ரெண்டு மணி நேரம் வண்டி நிறுத்துவதைத் தடுத்தாலே என் எழுபது நிமிஷம் அறுபதுக்கு வந்திருக்கும். பாலம் கட்டுவதோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு பெயிண்ட் செலவு.

சரி, பஸ் வந்துவிட்டது. நீங்கள் அதில் ஏறணும்.

என் மனைவிக்கு அறுபத்தி மூன்று வயது. போன வருஷம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார். பஸ் நின்றது நடுரோட்டில். ஏன் என்றால் ஸ்டாப்பை ஒட்டி யாரோ காரை நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தார். காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இறங்கியவரை உரசிக்கொண்டு ஒரு பைக் போனது. இடுப்பு எலும்பு தப்பித்தது, மணிக்கட்டு தப்பிக்கவில்லை. ரெண்டு மாசம் மாவுக்கட்டு. "அஞ்சு நிமிஷம்தான் சார் நிறுத்தினேன்" என்றார் அந்த கார்க்காரர். நல்ல மனுஷன், ஆஸ்பத்திரிவரைக்கும் கூட வந்தார். ஆனால் அந்த அஞ்சு நிமிஷத்தில் அங்கே மூன்று பஸ் வந்திருக்கும்.

சென்னையில் 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தாமாகவே பயணம் செய்ய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை போய்ப் போராடியதற்குப் பிறகு வந்த வண்டிகள் அவை. அந்த பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. பக்கவாட்டில் சாய்ந்து இன்னும் தாழும், சாய்வுப் பலகையும் உண்டு. ஆனால் அது நடைபாதையின் ஓரக்கல்லை ஒட்டி நின்றால்தான் அந்த வசதிக்கு அர்த்தம். ஒரு கார் நடுவில் நின்றால் அவ்வளவு செலவு பண்ணி வாங்கிய வண்டியும் பழைய பஸ் மாதிரிதான்.

நடைபாதைக்கும் அளவு இருக்கிறது. இந்தியச் சாலைகள் பேராயம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்புப் பகுதியில்கூட நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். ஓரக்கல்லின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பிளாட்பாரம் கட்டிவிட்டு, "ஜனங்க பிளாட்பாரத்துல நடக்கிறதே இல்ல" என்று சொல்வார்கள். அறுபத்தி மூன்று வயதுக்காரர் அதில் எப்படி ஏறுவார்? இறங்கி ரோட்டில்தான் நடப்பார்.

அடுத்தது சைக்கிள். இதில் எனக்கு ஒரு சொந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

என் பேத்தி அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள் அவளுக்கும் வந்தது. பள்ளிக்கூடம் ரெண்டரை கிலோமீட்டர். சைக்கிளில் பன்னிரண்டு நிமிஷம். ஆனால் அந்த சைக்கிள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. "மெயின் ரோட்ட தாண்டணும்ப்பா, லாரி போற ரோடு, நான் அனுப்ப மாட்டேன்" என்கிறாள் என் மகள். அவள் சொல்வது தப்பா? நான் அந்த ரோட்டை ஒரு நாள் காலை நின்று பார்த்தேன். தப்பு என்று சொல்ல முடியவில்லை. இப்போது பேத்தியை என் மருமகன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். அந்த பைக் பள்ளி வாசலில் நிற்கிறது. அதே மாதிரி இருநூறு பைக் நிற்கிறது. அந்த வாசலில்தான் நான் முன்னே சொன்ன பஸ் மாட்டிக்கொள்கிறது. பாருங்க, எங்கே சுற்றி எங்கே வந்துவிட்டது. சைக்கிள் போக வழி இல்லாததால் பைக், பைக் நின்றதால் பஸ் லேட், பஸ் லேட்டானதால் கடைசி ஸ்டாப்பில் ஒரு அம்மாவுக்கு எட்டு பத்து பஸ் வரவில்லை.

அதனால்தான் பஸ்ஸையும் சைக்கிளையும் சேர்த்தே பேசுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஜனங்கள் அரை கிலோமீட்டர்வரை சிரமமில்லாமல் நடந்து வருவார்கள். சைக்கிளில் ரெண்டரை கிலோமீட்டர் வரலாம். தூரம் ஐந்து மடங்கு. ஆனால் ஸ்டேஷனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்க, பரப்பளவு இருபத்தைந்து மடங்கு. கோடிக்கணக்கில் செலவு பண்ணிக் கட்டிய ஒரு ஸ்டேஷன் இருபத்தைந்து மடங்கு பரப்புக்குப் பயன்பட, வழியில் பயமில்லாத ஒரு ஓரமும், போய் நிறுத்த ஒரு கூரையும் ஒரு கம்பியும் போதும்.

"அதெல்லாம் ஹாலந்துல நடக்கும் சார், அவங்க ரத்தத்துலயே சைக்கிள் இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. போருக்குப் பிறகு அங்கேயும் கார் வந்தது, ரோட்டை அகலப்படுத்தினார்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். 1971-ல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. அதற்குப் பிறகு போட்ட பாதைகள்தான் இன்று நாம் போட்டோவில் பார்ப்பவை. என் மகள் மாதிரி அம்மாக்கள்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

நம்மிடம் கொள்கை இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை ஏற்றது. இந்திய நகரங்களில் முன்னோடி அது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றது. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நல்ல நடைபாதை என்றது. நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் சாலையில் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்றது. எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 2019-ல் தி.நகர் பாண்டி பஜார் மாறியபோது அந்தக் கொள்கை கண்ணுக்குத் தெரிந்தது. துணி வாங்கப் போகாதவர்கள்கூடச் சும்மா நடந்துவிட்டு வரப் போனார்கள். ஆனால் 2018 போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. உங்கள் தெருவில் அந்த 1.8 மீட்டர் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்க.

ஏன் நிற்கிறது என்றால், வேலை பல கைகளில் இருக்கிறது. பஸ்ஸை ஓட்டுவது ஒரு அமைப்பு. நிழற்குடை கட்டுவது இன்னொன்று. சிக்னலும் பார்க்கிங்கும் போலீஸ். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை, சின்ன ரோடு மாநகராட்சி. ரோட்டைத் தோண்டுவதற்கு வேறு நாலு பேர். என் எட்டு பத்து பஸ்ஸுக்கு இத்தனை பேரும் சேர்ந்து பொறுப்பு. இதற்காகத்தான் சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா என்கிறார்களே, அது வந்தது. சட்டம் 2010. முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் 2022 நவம்பர். பன்னிரண்டு வருஷம் என்பது எந்த டைம் கீப்பருக்கும் நீண்ட லேட்தான், ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. 2025 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட சென்னை ஒன் ஆப்பில் மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம், பஸ் எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். நான் ஷீட்டில் பேனாவால் எழுதியது இன்று உங்கள் போனில் ஓடுகிறது. ஒரு வகையில் நீங்கள் எல்லோரும் டைம் கீப்பர்கள்தான்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பத்து நாள் மட்டும். தினமும் நீங்கள் ஏறுகிற பஸ்ஸுக்கு, ஸ்டாப்புக்கு வந்த நேரம், பஸ் வந்த நேரம், ரூட் எண், எந்தத் திசை, ஏற முடிந்ததா இல்லையா. போன் நோட்ஸில் ஒரு வரி. பஸ் ஓரத்தில் நின்றதா, நடுரோட்டில் நின்றதா என்று இன்னொரு வார்த்தை. பத்து நாளில் பத்து வரி. அதைப் புகாராக அனுப்புங்க. சென்னையில் பஸ் நேரத்துக்கு 149. நடைபாதை, நிழற்குடை என்றால் மாநகராட்சியின் 1913. எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால், எந்த ஊரானாலும், முதல்வரின் உதவி மையம் 1100. புகார் எண் வாங்க மறக்காதீங்க. "பஸ் சரியாக வருவதில்லை" என்று எழுதினால், "தக்க நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டுள்ளது" என்று பதில் வரும். நானே அந்தப் பதிலைப் பலமுறை எழுதியிருக்கிறேன். "பத்தில் ஆறு நாள் எட்டு பத்து பஸ் வரவில்லை, தேதிகள் இவை" என்று வந்தால் அந்த வாக்கியத்தை எழுத முடியாது. ஷீட்டை எடுத்துப் பார்த்தே ஆகணும்.

போட்டோ எடுக்கும்போது ஒரு யோசனை. உடைந்த நடைபாதையை மட்டும் எடுக்காதீங்க. ஒரு இன்ச் டேப்பை விரித்து வைத்து எடுங்க. எண் தெரியணும். வண்டி நம்பர் தெரிகிற மாதிரி ஜனங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுச் சண்டை வளர்க்க வேண்டாம். அன்று அந்த கார்க்காரருக்கு நிறுத்த வேறு இடம் இருந்ததா என்று நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். இல்லை.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நம் நகரங்களிலும் கிராம சபை மாதிரி ஏரியா சபை கூடுகிறது. உங்கள் வார்டில் கூடும்போது போங்க. குப்பை, தெருவிளக்கு, கொசு மருந்து, இதெல்லாம் யாராவது கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த வருஷம் நம் வார்டில் ரோட்டுக்கு ஆன செலவில் நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் எவ்வளவு?" பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்க. முப்பது நாளில் பதில் சொல்லணும்.

நான் என் பங்குக்கு ஆரம்பித்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, லாரி வருவதற்கு முன்னால், நானும் பேத்தியும் பள்ளிக்கூடம்வரை சைக்கிளில் போகப் போகிறோம். நான் அம்மாவுடைய பழைய சைக்கிளில், அவள் புது சைக்கிளில். வழியில் எங்கெங்கே பயமாக இருக்கிறது என்று அவள் சொல்வாள், நான் எழுதுவேன். மெயின் ரோட்டில் கடக்கிற இடத்தில் டேப் வைத்து அளக்கப் போகிறோம். என் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், நம்பிக்கையில் இல்லை, கண்காணிக்க.

நான் பேச வந்தது இவ்வளவுதான். இப்போது கேள்வி கேளுங்க. மைக்கைக் கொஞ்சம் பின் வரிசைக்குக் கொடுங்க தம்பி. அங்கே ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை நிமிஷமா என்று கேட்டால் அவர்கள் சரியாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.